கும்பல் திரண்டு வரும்போது போலீஸ் என்ன செய்ய வேண்டும்? ஓர் எளிய விளக்கம்

2002 மார்ச் மாதத் தொடக்கம். மதக் கலவரத்தில் குஜராத் முழுக்கத் தீப்பற்றி எரிந்த நாட்கள். பாவ்நகர் அருகே அக்வாடா என்ற இடத்தில் ஒரு மதரசா இருந்தது. உள்ளே சுமார் 400 முஸ்லிம் பிள்ளைகள். அதைக் கொளுத்துவதற்காக ஒரு பெரும் கும்பல் வந்துகொண்டிருந்தது. மாவட்ட எஸ்.பி. ராகுல் சர்மா அந்தப் பதவிக்கு வந்து இரண்டு வாரம் போலத்தான் ஆகியிருந்தது. அவர் தன் ஆட்களுடன் குறுக்கே நின்றார். கலைந்து போகச் சொல்லியும் கும்பல் கேட்கவில்லை, போலீஸ் சுட்டது. கும்பல் கலைந்தது. பிள்ளைகள் அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

அந்த வாரங்களில் அதே மாநிலத்தின் மற்ற ஊர்களில் 1,000-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அங்கேயும் போலீஸ் இருந்தது. அதே சட்டம், அதே சீருடை, அதே துப்பாக்கிதான். பாவ்நகரில் மட்டும் வேறு சட்டம் எதுவும் நடப்பில் இல்லை.

இந்தச் சம்பவத்தை வீரக்கதையாகச் சொல்கிறவர்கள் உண்டு. அந்த மரியாதை அவருக்கு உரியதுதான். ஆனால் வீரம் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால், மற்ற ஊர்களில் வேடிக்கை பார்த்த அதிகாரிகள் ஏதோ வீரம் குறைந்தவர்கள், அவ்வளவுதான் என்று ஆகிவிடும். அப்படி இல்லை. சட்டப்படி தாங்கள் செய்தே தீர வேண்டிய வேலையை அவர்கள் செய்யவில்லை. அந்த வேலை என்ன, அதற்குப் போலீஸிடம் என்ன அதிகாரம் இருக்கிறது, எங்கே அது சறுக்குகிறது என்பதை முதல்முறையாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சிறுபான்மை என்றால் யார்?

அரசு அறிவித்த மதச் சிறுபான்மையினரை மட்டும் மனதில் வைத்தால் விஷயம் பிடிபடாது. கும்பல் வன்முறையில் ஒரே ஒரு கேள்விதான்: அந்தத் தெருவில், அந்த நேரத்தில், எண்ணிக்கையில் குறைந்தவர் யார்? 1984-இல் டெல்லியில் சீக்கியர்கள். தருமபுரியில் 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் வசித்த தலித் குடும்பங்கள். ஊருக்குப் புதிதாக வந்த வடமாநிலத் தொழிலாளியும் இதில் சேர்த்திதான்.

1983 ஜூலையில் கொழும்பில் அந்த இடத்தில் நின்றவர்கள் தமிழர்கள். ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 ராணுவ வீரர்கள் கொல்லப்பட்டார்கள். மறுநாள் இரவு பொரளையில் தொடங்கிய தாக்குதல், வீடு வீடாக, கடை கடையாகப் பரவியது. கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எது தமிழர் வீடு என்று தேட வேண்டிய சிரமமே அவர்களுக்கு இல்லை. போலீஸும் ராணுவமும் பல இடங்களில் பார்த்துக்கொண்டு நின்றன. ஊரடங்கு மறுநாள் பிற்பகல்தான் வந்தது. அரசின் முழுக் காவலில் இருந்த வெலிக்கடைச் சிறையிலேயே, ஜூலை 25-லும் 27-லுமாக 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். தன் பூட்டுக்குள் வைத்திருந்தவர்களைக்கூட ஓர் அரசு காப்பாற்றவில்லை. போலீஸ் ஒதுங்கி நின்றால் என்ன ஆகும் என்பதைத் தமிழ் வாசகருக்கு யாரும் வெளியூர்க் கதையாகச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

கலவரம் திடீரென்று வெடிப்பதில்லை

"மக்கள் ஆத்திரம், திடீரென்று கட்டுமீறிப் போய்விட்டது" என்று ஒவ்வொரு கலவரத்துக்குப் பிறகும் சொல்வார்கள். நேரத்தை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது நிற்காது.

டெல்லியை எடுத்துக்கொள்வோம். இந்திரா காந்தி தன் சீக்கிய மெய்க்காவலர்களால் சுடப்பட்டது 1984 அக்டோபர் 31 காலை 9 மணிக்குப் பிறகு. அன்று மாலையே எய்ம்ஸ் மருத்துவமனைப் பக்கம் சீக்கியர்களை அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் பெரும் கொலைகள் நடந்தது மறுநாள், நவம்பர் 1 காலையிலிருந்து. நடுவில் ஓர் இரவு முழுக்க இருந்தது. அந்த இரவில்தான் மண்ணெண்ணெய் சேர்ந்தது, பழைய டயர்கள் சேர்ந்தன, எந்த வீட்டில் யார் என்ற பட்டியல் கைக்குக் கை மாறியது. இதெல்லாம் ஆத்திரத்தில் தானாக நடக்கிற வேலை இல்லை. யாரோ உட்கார்ந்து ஏற்பாடு செய்தால்தான் நடக்கும். அப்படி ஏற்பாடு நடக்கும் ஓர் இரவு என்பது போலீஸுக்கும் கையில் இருந்த ஓர் இரவு.

தருமபுரியிலும் அப்படித்தான். ஒரு சாதி மறுப்புத் திருமணத்தை ஒட்டி வாரக்கணக்கில் பதற்றம் இருந்தது. பெண்ணின் தந்தை இறந்த அன்றைக்குத்தான் கும்பல் மூன்று காலனிகளில் புகுந்து 250-க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தியது. உயிர்ச்சேதம் இல்லை என்று ஆறுதல் சொன்னார்கள். பெங்களூரிலும் திருப்பூரிலும் கூலி வேலை பார்த்துச் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருட்கள் ஒரே மாலையில் சாம்பலான குடும்பங்களுக்கு அது என்ன ஆறுதல்?

ஆகவே முதல் பாடம் இது: வன்முறைக்கு முன்னால் எப்போதும் ஓர் இடைவெளி இருக்கிறது. சில நேரம் சில மணி நேரம், சில நேரம் சில வாரம். போலீஸ் வேலையின் பெரும்பகுதி அந்த இடைவெளிக்குள்தான். வதந்தி எங்கிருந்து கிளம்புகிறது என்று போலீஸின் உளவுப் பிரிவான ஸ்பெஷல் பிராஞ்ச் சொல்ல வேண்டும். ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம், எது வழியாகப் போகக்கூடாது என்று முடிவு செய்ய வேண்டும். மசூதி, தேவாலயம், குருத்வாரா, காலனி நுழைவு என்று ஆபத்தான இடங்களில் நிலையான போலீஸ் காவல் (பிக்கெட்) போட வேண்டும். ஏற்கெனவே வழக்கு உள்ள தூண்டிவிடும் ஆட்களை முன்னெச்சரிக்கையாகப் பிடித்து உள்ளே வைக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. பிரிவு எண்கள் மாறினவே தவிர, இந்த விஷயத்தில் அடிப்படை மாறவில்லை.

பிரிவு 168: பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் நடக்கப் போகிறது என்றால், எந்தப் போலீஸ்காரரும் தலையிட்டுத் தடுக்கலாம், தன்னால் முடிந்த அளவுக்குத் தடுத்தே ஆக வேண்டும். பழைய சட்டத்தில் இது 149. கொலை, கொள்ளை, தீவைப்பு எல்லாமே இந்த வகைக் குற்றங்கள்தான். ஸ்டேஷன் எல்லைக்குள் கும்பல் திரள்வது தெரிந்தும் ஓர் அதிகாரி போகாமல் இருந்தால், அவர் சட்டம் இட்ட கடமையை மீறுகிறார்.

பிரிவு 170: குற்றம் செய்யத் திட்டம் போடுகிறவரை முன்கூட்டியே, பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். இந்தப் பிரிவை மட்டும் வைத்து 24 மணி நேரத்துக்கு மேல் அடைத்து வைக்க முடியாது.

பிரிவு 163: ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது என்று தடை போடும் அதிகாரம். மக்கள் இன்னும் பழைய சட்டத்தின் எண்ணை வைத்து '144 போட்டிருக்கிறார்கள்' என்றுதான் சொல்கிறார்கள்.

பிரிவு 148: இதுதான் உயிர்நாடி. சட்டவிரோதமாகக் கூடிய கும்பலையோ, அமைதியைக் குலைக்கக்கூடும் என்று தெரிகிற ஐந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் கூடியதையோ கலைந்து போகச் சொல்லும் அதிகாரம், கேட்காவிட்டால் பலத்தால் கலைக்கும் அதிகாரம். இதை யார் செய்யலாம்? நிர்வாக நடுவர் செய்யலாம், நம்மூரில் தாசில்தார், ஆர்.டி.ஓ. போன்றவர்கள். ஸ்டேஷன் பொறுப்பில் இருக்கும் இன்ஸ்பெக்டரும் செய்யலாம். அவர் இல்லாவிட்டால் ஒரு சப்-இன்ஸ்பெக்டரே போதும்.

கடைசி வரியைக் கொஞ்சம் நின்று படியுங்கள். கலவரம் முடிந்து விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தால், "மேலிடத்து உத்தரவுக்காகக் காத்திருந்தோம்" என்ற பதில் தவறாமல் வரும். சட்டம் அப்படிக் காத்திருக்கச் சொல்லவே இல்லை. கும்பலுக்கு எதிரே நிற்கும் ஒரு எஸ்.ஐ. அங்கேயே, அப்போதே முடிவெடுக்கலாம். நல்லெண்ணத்தோடு அவர் எடுக்கும் நடவடிக்கைக்காக, அரசின் முன் அனுமதி இல்லாமல் அவர் மேல் வழக்கு நடத்த முடியாது என்று பிரிவு 151 பாதுகாப்பும் தருகிறது.

போலீஸால் முடியவில்லை என்றால் ராணுவத்தை அழைக்கப் புதிய சட்டத்தின் 149-ஆம் பிரிவு இருக்கிறது. மத்திய ரிசர்வ் போலீஸின் கீழ் கலவரங்களுக்கென்றே நீலநிறச் சீருடையில் அதிவிரைவுப் படை (RAF) ஒன்று 1992 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. அதன் ஒரு பட்டாலியன் கோவையில் இருக்கிறது.

எவ்வளவு பலம்?

தேவைக்கு மேல் ஒரு துளிகூடக் கூடாது. முதலில் எச்சரிக்கை, ஒலிபெருக்கியில், எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு தண்ணீர்ப் பீய்ச்சல், கண்ணீர்ப்புகை, தடியடி. எதற்கும் அடங்காமல் உயிருக்கு ஆபத்து வந்தால்தான் துப்பாக்கி. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் அப்பாவிகள் செத்த கதைகள் நம்மிடம் ஏராளம். அதனால் 'சுட்டது சரி' என்று எழுதக் கை தயங்குகிறது. தயங்க வேண்டியதுதான். உரிமை கேட்டுக் கோஷம் போடும் கூட்டமும், பிள்ளைகள் உள்ளே இருக்கும் கட்டடத்தைக் கொளுத்த வரும் கூட்டமும் ஒன்றில்லை. முதலாவதின் மேல் துப்பாக்கியை நீட்டுவது அநியாயம். இரண்டாவதின் முன் துப்பாக்கியை உறையில் வைத்திருப்பதும் அநியாயம்தான்.

ஒரே நகரம், ஒரே நாள், இரண்டு ஸ்டேஷன்

1984 நவம்பர் 1. சாந்தினி சௌக்கில் சீஸ்கஞ்ச் குருத்வாராவை நோக்கி ஒரு கும்பல். உள்ளேயிருந்து சில சீக்கியர்கள் வாளோடு வெளியே வந்து நிற்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே கூடுதல் துணை ஆணையர் மேக்ஸ்வெல் பெரேரா, கொஞ்சம் போலீஸாருடன். முதல் காரியமாக அவர் சீக்கியர்களிடம் பேசினார். நீங்கள் உள்ளே போங்கள், காப்பது எங்கள் பொறுப்பு என்று சொல்லி உள்ளே அனுப்பினார். அப்புறம் கும்பலைத் தடியடி நடத்திக் கலைத்தார். மறுபடி கூடிக் கடைகளுக்குத் தீ வைக்கத் தொடங்கியபோது சுட உத்தரவிட்டார். ஒருவர் இறந்தார். குருத்வாரா தப்பியது.

அதே டெல்லியில், யமுனைக்கு அக்கரையில் திரிலோக்புரி. அங்கேயும் சீக்கியர்கள் தங்களைக் காத்துக்கொள்ளக் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு நின்றார்கள். அங்கேயும் போலீஸ் வந்தது, ஆயுதங்களைக் கீழே போட்டு வீட்டுக்குள் போகச் சொன்னது. அதுவரை இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. ஆனால் திரிலோக்புரியில் போலீஸ் அதன்பின் போய்விட்டது. 32-ஆம் பிளாக்கின் குறுகலான சந்துகளில் நூற்றுக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள். பத்திரிகையாளர்கள் தேடிப் போய்ச் சேரும்வரை வெளியே செய்தியே வரவில்லை. டெல்லியில் மொத்தம் இறந்தவர்கள் 2,733 பேர் என்பது அரசுக் கணக்கு.

இந்த இரண்டு இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஆத்திரமாக வருகிறது. பாதிக்கப்படப் போகிறவரின் கையிலிருந்து தற்காப்பை வாங்கிக்கொள்ளும் அரசு, அந்த நொடியிலிருந்து அவருடைய உயிருக்கு முழுப் பொறுப்பாளி ஆகிறது. பாதுகாப்பு தர முடியாதவருக்கு, 'உள்ளே போ' என்று சொல்லும் உரிமை கிடையாது.

ஏன் சறுக்குகிறது?

ஒன்று, பாரபட்சம். போலீஸ்காரரும் இதே சமூகத்திலிருந்து வருகிறவர்தான். கும்பல் நம்பும் வதந்தியை அவரும் நம்பியிருக்கலாம். சில நேரம் இது ஒதுங்கி நிற்பதோடு முடிவதில்லை. 1987 மே 22 அன்று மீரட் நகரின் ஹாஷிம்புராவில் உத்தரப் பிரதேச ஆயுதப்படையினரே சுமார் 40 முஸ்லிம் ஆண்களை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்று கால்வாயிலும் ஆற்றிலும் வீசினார்கள். உயிர் தப்பியவர்களின் வாக்குமூலத்தைக் கேட்டு, தன் துறையினர் என்றும் பாராமல் உடனே வழக்குப் பதிவு செய்தவர் பக்கத்து காஸியாபாத்தின் எஸ்.பி. விபூதி நாராயண் ராய். தண்டனை கிடைக்க 31 ஆண்டு ஆயிற்று. 2018 அக்டோபர் 31-இல்தான் டெல்லி உயர் நீதிமன்றம் 16 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அரசு விரும்பாமல் எந்தக் கலவரமும் 24 மணி நேரத்துக்கு மேல் நீடிக்க முடியாது என்பது ராயின் புகழ்பெற்ற கருத்து. இத்தனை ஆண்டுகளில் அதை யாரும் மறுத்துக் காட்டியதாகத் தெரியவில்லை.

நம் கோவையையும் மறைக்க வேண்டாம். 1997 நவம்பர் இறுதியில் ஒரு போக்குவரத்துக் காவலர் முஸ்லிம் இளைஞர்கள் சிலரால் கொல்லப்பட்டார். அது கொடிய குற்றம். அதைத் தொடர்ந்து காவலர்கள் பணியை விட்டுத் தெருவில் இறங்கினார்கள். போலீஸ் துப்பாக்கியிலும் கும்பலின் கையிலுமாக 18 முஸ்லிம்கள் செத்தார்கள், கடைகள் வரிசையாகச் சூறையாடப்பட்டன. தன் சக ஊழியரை இழந்த துக்கம் உண்மையானது. ஆனால் கொன்றவனைப் பிடிப்பதுதான் போலீஸ் வேலை. அவன் மதத்துக்காரர்களைத் தெருவில் கைவிடுவது அல்ல. சில வாரங்களில், 1998 பிப்ரவரி 14-இல், குண்டுவெடிப்புகளில் 58 பேர் உயிரிழந்தார்கள்.

இரண்டு, அரசியல் நெருக்கடி. பாவ்நகரில் பிள்ளைகளைக் காப்பாற்றிய எஸ்.பி. அந்த மாத முடிவுக்குள் அங்கிருந்து மாற்றப்பட்டார். இதைப் பார்க்கும் மற்ற அதிகாரிகள் என்ன கற்றுக்கொள்வார்கள்? இதனால்தான் 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாவட்ட எஸ்.பி.க்கும் ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரிக்கும் குறைந்தது இரண்டு ஆண்டு பணிக்காலம் தர வேண்டும் என்று சொன்னது. உட்கார்ந்த நாற்காலி நாளைக்கும் இருக்கும் என்ற தைரியம் இருந்தால்தான் எம்.எல்.ஏ.வின் போனுக்கு 'முடியாது' என்று சொல்ல வரும். அந்தத் தீர்ப்பை மாநிலங்கள் இன்றுவரை அரைமனதோடுதான் நடத்துகின்றன.

மூன்று, பயம். இதை லேசாகப் பேசக்கூடாது. 2018 டிசம்பர் 3 அன்று உத்தரப் பிரதேசத்தின் புலந்த்ஷெஹர் மாவட்டம் ஸ்யானாவில், வயலில் பசுக்களின் உடல்கள் கிடந்ததைச் சொல்லிக் கும்பல் சாலையை மறித்தது. அதே மாவட்டத்தில் அப்போது முஸ்லிம்களின் பெரிய மாநாடு ஒன்று முடியும் தறுவாயில் இருந்தது. லட்சக்கணக்கானவர்கள் ஊர் திரும்ப வேண்டிய நேரம். கும்பலைச் சமாதானப்படுத்தப் போன இன்ஸ்பெக்டர் சுபோத் குமார் சிங் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். விரல்விட்டு எண்ணத்தக்க ஆட்களோடு ஓர் இன்ஸ்பெக்டரை நூற்றுக்கணக்கானவர்களுக்கு முன்னால் அனுப்பும் ஏற்பாட்டைப் பற்றித்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும். ஹெல்மெட், கேடயம், கூடுதல் படை வந்து சேரும் வேகம், வயர்லெஸ்ஸில் அழைத்தால் பதில் சொல்லும் மேலதிகாரி, இவையெல்லாம் சிறுபான்மையினரைக் காக்கும் கருவிகளும்தான்.

ஓர் எஸ்.ஐ.யும் ஒரு பையனும்

எப்போதும் துப்பாக்கி தேவைப்படுவதில்லை. 2018 மே மாதம் உத்தராகண்டின் ராம்நகர் பக்கம் கர்ஜியா கோயில் அருகே, தன் இந்துத் தோழியைச் சந்திக்க வந்த ஒரு முஸ்லிம் இளைஞனைக் கும்பல் சூழ்ந்துகொண்டது. எஸ்.ஐ. ககன்தீப் சிங் அவனைத் தன் மார்போடு இறுக்கிக்கொண்டு, அவன் மேல் விழ வந்த அடிகளைத் தன் உடம்பால் தடுத்தபடியே வெளியே கூட்டிப் போனார். அந்த வீடியோவில் கவனிக்க வேண்டியது: கும்பலோடு அவர் வாதம் செய்துகொண்டு நிற்கவில்லை. பையனைத் தன்னிடமிருந்து ஒரு கணமும் பிரிய விடாமல் நகர்ந்துகொண்டே இருக்கிறார். கும்பல் குறிவைக்கும் ஆளை அந்த இடத்திலிருந்து வெளியேற்றுவதுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் பிறகு. என் கடமையைத்தான் செய்தேன் என்றார் அவர். அதன்பின் அவருக்கு மிரட்டல்கள் வந்தன.

பீவண்டி செய்தது

இந்த விஷயத்தில் எனக்கு மிகப் பிடித்த உதாரணம் ஒரு விசைத்தறி நகரம். மும்பைக்கு அருகே பீவண்டி. 1970-லும் 1984-லும் பெரிய இந்து-முஸ்லிம் கலவரங்களைக் கண்ட ஊர். அடுத்தது எப்போது என்று எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்த இடம்.

1988-இல் அங்கே துணை ஆணையராக வந்தார் சுரேஷ் கோப்டே. அதுவரை நாடெங்கும் இருந்த வழக்கம் 'பீஸ் கமிட்டி' வைப்பது. அதில் யார் இருப்பார்கள்? கட்சிக்காரர்கள், பெரிய வியாபாரிகள், மதத் தலைவர்கள். கலவரம் வந்தபிறகு ஒரு மண்டபத்தில் கூடி, தேநீர் குடித்து, அறிக்கை விட்டுக் கலைவார்கள். கோப்டே வேறு வழி பிடித்தார். தெருத் தெருவாக, பேட்டை பேட்டையாக, சுமார் 70 மொஹல்லா கமிட்டிகளை அமைத்தார். ஒவ்வொன்றிலும் இரு மதத்தினரும் இருந்தார்கள், பிரபலங்களாகப் பார்த்து எடுக்காமல் அந்தத் தெருவிலேயே வாழ்கிறவர்களாக. கூட்டத்தை நடத்தியது அந்தப் பகுதியின் போலீஸ்காரர்.

கூட்டத்தில் பேசியது பெரும்பாலும் மத நல்லிணக்கம் பற்றிக்கூட இல்லை. தண்ணீர்க் குழாயில் சண்டை, குடித்துவிட்டுத் தகராறு செய்கிறவன், சந்தில் வண்டி நிறுத்துவது என்று அன்றாடத் தொல்லைகள். இதனால் இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, போலீஸ்காரரின் முகமும் பெயரும் தெருவில் எல்லோருக்கும் தெரிந்தன. பர்தா போட்ட ஒரு தாய் தயங்காமல் ஸ்டேஷனுக்குப் போய்ப் பேச முடிந்தது. இரண்டு, ஒரு வதந்தி வந்தால் உண்மையா என்று கேட்க எதிர் சமூகத்தில் தெரிந்த ஆள் ஒருவர் கிடைத்தார். சண்டைக்கும் சந்தேகத்துக்கும் பேசித் தீர்க்க ஓர் இடம் கிடைத்தது.

1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்டபோது மும்பை பற்றி எரிந்தது. அந்த டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் சுமார் 900 பேர் இறந்ததாக அந்தக் கலவரத்தை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் பதிவு செய்தது. பக்கத்திலேயே, அதைவிட மோசமான வரலாறு கொண்ட பீவண்டி அமைதியாக இருந்தது. கோப்டே அதற்குள் வேறு பணிக்குப் போய்விட்டார். அவர் போனபிறகும் அமைதி நின்றது என்பதுதான் அவர் செய்த வேலைக்குச் சான்று. மும்பையும் 1994 வாக்கில் இதைப் பார்த்து மொஹல்லா கமிட்டி இயக்கத்தைத் தொடங்கியது. முன்னாள் மும்பை போலீஸ் ஆணையர் ஜூலியோ ரிபெய்ரோ, சமூக ஆர்வலர் சுஷோபா பார்வே போன்றவர்கள் அதற்கு உழைத்தார்கள்.

வதந்திக் காலம்

இப்போது கும்பல் திரள ஓர் இரவுகூட வேண்டாம், ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் போன குடும்பம் வழியில் நின்ற பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. குழந்தை கடத்துகிறவர்கள் என்று ஊர் திரண்டது. 65 வயது மூதாட்டி ஒருவரை அடித்தே கொன்றார்கள்.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. பல வீடியோக்கள் வேறு மாநிலங்களில், வேறு காரணத்துக்காக நடந்த சம்பவங்கள். அந்த முறை போலீஸ் வேகமாக இயங்கியது. டி.ஜி.பி. சைலேந்திர பாபு வீடியோவில் மறுப்பு வெளியிட்டார். திருப்பூரில் இந்தி தெரிந்த ஆட்களுடன் உதவி எண்கள் வந்தன, அதிகாரிகள் தொழிலாளர்களின் தங்குமிடங்களுக்கே போய்ப் பேசினார்கள். பொய் பரப்பியவர்கள் மேல் வழக்குகள் பாய்ந்தன. பீகாரிலிருந்து வந்த அதிகாரிகள் குழு நேரில் பார்த்துத் திருப்தியோடு திரும்பியது. பதற்றம் அடங்கியது.

2018 தீர்ப்பும் புதிய பிரிவும்

2018 ஜூலை 17 அன்று தெஹ்சீன் பூனாவாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் கும்பல் கொலைகளைத் தடுக்க விரிவான கட்டளைகளைப் பிறப்பித்தது. மாவட்டத்துக்கு ஒரு பொறுப்பு அதிகாரி, எஸ்.பி. தகுதிக்குக் குறையாமல். முந்தைய ஐந்து ஆண்டுகளில் சம்பவம் நடந்த இடங்களின் பட்டியல். மாதம் ஒருமுறையாவது உளவுப் பிரிவோடு கூட்டம். சம்பவம் நடந்தால் உடனே எஃப்ஐஆர், விரைவு நீதிமன்றத்தில் தினசரி விசாரணை, முடிந்தவரை ஆறு மாதத்தில் தீர்ப்பு, 30 நாளுக்குள் இடைக்கால நிவாரணம். தடுக்கத் தவறிய அதிகாரி மேல் துறை நடவடிக்கை; அதை வேண்டுமென்றே செய்த அலட்சியமாகக் கருத வேண்டும் என்றது நீதிமன்றம்.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவு, ஐந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து இனம், சாதி அல்லது சமூகம், பிறந்த இடம், மொழி, தனிப்பட்ட நம்பிக்கை போன்ற காரணங்களுக்காகச் செய்யும் கொலைக்கு மரணம் அல்லது ஆயுள் தண்டனை என்கிறது. கூட்டாகச் செய்தவர்கள் ஒவ்வொருவரும் பொறுப்பு. வரவேற்க வேண்டிய பிரிவுதான். ஆனால் அந்தப் பட்டியலில் 'மதம்' என்ற சொல் நேரடியாக இல்லை. நாட்டில் நடக்கும் கும்பல் கொலைகளில் பெரும் பங்கு எதன் பெயரால் நடக்கிறது என்று தெரிந்தும் அதை விட்டது எனக்குச் சரியாகப் படவில்லை.

தலித், பழங்குடியினர் தாக்கப்படும்போது வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். அதன் 4-ஆம் பிரிவு, கடமையை வேண்டுமென்றே செய்யாமல் விட்ட அரசு ஊழியருக்கே சிறைத் தண்டனை விதிக்க வழி செய்கிறது.

அப்புறம் நடப்பது

நெருப்பு அணைந்ததும் போலீஸ் வேலை முடிந்துவிடுவதில்லை. 1984-இல் டெல்லியில் பல கொலைகளை ஒரே எஃப்ஐஆரில் அடைத்தார்கள். யார், யாரை, எங்கே கொன்றார் என்பது அதிலேயே கரைந்துபோனது. ஒவ்வொரு சாவுக்கும் தனி வழக்கு, பெயர் சொன்ன சாட்சியின் வாக்குமூலம், சாட்சிக்குப் பாதுகாப்பு, இவை இல்லாமல் தண்டனை கிடைக்காது. குஜராத் கலவரத்தின்போது 2002 மார்ச் 1-இல் வதோதராவின் பெஸ்ட் பேக்கரியில் 14 பேர் கொல்லப்பட்ட வழக்கில் சாட்சிகள் பிறழ்ந்து எல்லோரும் விடுதலை ஆனார்கள். 2004-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு மறுவிசாரணையை மகாராஷ்டிராவுக்கு மாற்ற வேண்டியிருந்தது.

நீங்கள் இருக்கும் இடத்தில் இப்படி ஒன்று திரள்வதாகத் தெரிந்தால் 112-க்கு அழையுங்கள். எத்தனை மணிக்கு அழைத்தீர்கள் என்று குறித்து வையுங்கள்; போலீஸ் எப்போது வந்தது என்பது பின்னால் விசாரணையில் பெரிய கேள்வியாக வரும். எந்த ஸ்டேஷன் எல்லை என்று பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். அதைப் பதிந்துகொண்டு உரிய இடத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை. எஃப்ஐஆர் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் எழுதலாம், அதற்கும் பதில் இல்லையென்றால் குற்றவியல் நடுவரிடம் போகலாம். இழப்பீட்டுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்க வேண்டும். அந்த அலுவலகம் பெரும்பாலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருக்கும்.